பதினொரு புள்ளிகளும் ஒரு வயிறும்

ரசலையன் தன் அறுபத்துநாலு வயதில் எத்தனையோ படங்களில் தன்னைப் பார்த்திருக்கிறார். கல்யாணப் படம், சபைக் கமிட்டிப் படம், மகள் பட்டம் வாங்கியபோது ஓரத்தில் பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்கிற படம். ஆனால் மகளுடைய லேப்டாப்பில் பதினொரு பச்சைப் புள்ளிகளாகத் தன்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதை வெளியே சொல்லவும் முடியாமல், வாயில் வைத்த மரச்சீனிக் கிழங்கை விழுங்கவும் முடியாமல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"பாருங்கப்பா," என்றாள் மகள் ரெஜிலா. "இந்தச் சிவப்பெல்லாம் காலையில பழஞ்சோத்துப் பழஞ்சி குடிக்காதவங்க. நாலு பக்கமும் செதறிக் கெடக்கு. இந்தப் பச்சையெல்லாம் நம்ம ஊருல தினமும் பழஞ்சி குடிக்கிறவங்க. எல்லாரும் ஒரே எடத்துல நிக்காவ, பாத்தியளா?"

ரசலையனின் மனைவி பூங்கனி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் ஒரே வயிறாட்டி?"

"கிட்டத்தட்ட அப்பிடித்தாம்மா."

"நம்ம ஊருல ரெண்டு பேரு ஒரு காரியத்துல ஒத்துப்போயி நா பாத்ததில்ல," என்றாள் பூங்கனி. "கமிட்டியில வராத ஒத்தும வயித்துல வந்திருக்கு."

ரசலையன் தண்ணீர் குடித்தார். கிழங்கு ஒருவழியாக இறங்கியது.

ரெஜிலா திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். தினமும் காலையில் இரணியலில் ரயில் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவள். மனிதனுடைய குடலுக்குள் கோடிக்கணக்கில் குடித்தனம் நடத்தும் கிருமிகளைக் கணினியில் எண்ணுவது அவள் வேலை. கிருமி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், அதில் பாதிக்கு மேல் நமக்கு நல்லது செய்வது என்று அவள் வீட்டிலும் ஆலயத்திலும் பேருந்திலும் சொல்லிச் சொல்லி, கருங்கல் பக்கம் அவளைக் கண்டாலே சிலர் வயிற்றைத் தடவிக்கொள்வார்கள்.

வேலை நடக்கும் விதத்தை அப்பாவுக்கு அவள் பலமுறை விளக்கியிருந்தாள். மலத்தில் ஒரு சிட்டிகை எடுத்துக் குழாயில் அடைத்தால், அதிலிருக்கும் டிஎன்ஏ முழுவதையும் ஓர் இயந்திரம் துண்டு துண்டாக வாசித்துவிடும். அந்தக் கோடித் துண்டுகளையும் ஒரு பெரிய பட்டியலோடு கணினி ஒப்பிட்டு, எந்தக் கிருமி எவ்வளவு என்று சொல்லும். பிறகு இரண்டிரண்டு பேராக எடுத்து, இவர் வயிற்றுக்கும் அவர் வயிற்றுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கணக்கிட்டு, அந்த வித்தியாசத்தையே தூரமாக மாற்றிப் புள்ளி வைக்கும். ஒரே மாதிரி வயிறு என்றால் புள்ளிகள் பக்கத்தில் நிற்கும்.

"இதுல நல்ல விசயம் என்னன்னா, நார்ச்சத்தச் செரிக்க வைக்கிற நல்ல கிருமி இந்தப் பதினொண்ணு பேருக்கும் எக்கச்சக்கம்," என்றாள் ரெஜிலா. "அருமையான வயிறுப்பா."

உள்ளே பயம் இருந்தாலும், அதைக் கேட்டு ரசலையன் ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயுசில் அவர் உடம்பில் எந்த உறுப்பையும் யாரும் இப்படிப் புகழ்ந்ததில்லை.

"பன்னிரண்டு பேருல்லா?" என்றாள் பூங்கனி. "இன்னொரு ஆள எங்க?"

"ஞானதாசன் மாமா. அவருக்கது மட்டும் எங்கேயோ தூரத்துல தனியா நின்னுச்சு. படமே கெட்டுப்போச்சு. பல்வலிக்கு ரெண்டு மாசம் முன்ன ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதா ஃபாரத்துல எழுதியிருக்காரு. அதனால அவர எடுத்துட்டேன்."

ஞானதாசன் சபைக் கமிட்டியில் பத்தொன்பது வருடமாக எந்தத் தீர்மானத்துக்கும் கை தூக்காதவர். வேறு சமயமாக இருந்தால் ரசலையன் இதை வைத்தே ஒரு மாதம் சிரித்திருப்பார். இப்போது சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் ஞானதாசன் ஒருவர்தான் சொன்னபடி செய்தவர் என்பது உலகத்தில் ரசலையன் ஒருவருக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் பெரிய கருத்தரங்கம். எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் முன்னால் ரெஜிலா இந்தப் படத்தைக் காட்டிப் பேசப் போகிறாள். அவளுடைய வழிகாட்டி ஸ்மிதா மேடம், சாதாரணமாக எதையும் 'பரவாயில்லை' என்று மட்டும் சொல்கிற மார்த்தாண்டத்துக்காரி, படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு முறை 'ரொம்ப நல்லா இருக்கு' என்றாராம். ரெஜிலா அதை நான்கு முறை சொன்னாள்.

காரியம் நடந்தது இப்படி.

ரசலையன் கருங்கல் சந்தையில் விதைக்கடையும் உரக்கடையும் வைத்து நடத்தி ஓய்ந்தவர். சபையின் செயலாளர். எதைச் சேகரிக்கச் சொன்னாலும் எண்ணிக்கை குறையாமல் கொண்டுவருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சாலை போடச் சொல்லி மனுவுக்கு முந்நூறு கையெழுத்து வேண்டுமென்றால் சாயங்காலத்துக்குள் முந்நூறு வரும். அதில் வீட்டில் இல்லாதவர்கள், துபாயில் இருப்பவர்கள், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் எல்லாருடையதும் இருக்கும். அவர்கள் இருந்திருந்தால் போட்டிருப்பார்கள்தானே என்பது ரசலையன் கட்சி. சாலையும் வந்தது. யாரும் குறை சொன்னதில்லை. போடாத கையெழுத்துக்காக அவருக்கு நன்றி சொன்னவர்கள்கூட உண்டு.

அதனால்தான் ரெஜிலா ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம் போட்டு, பழஞ்சி குடிக்கிற பன்னிரண்டு பேரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிப் பெட்டி கொடுத்த பிறகு, திரும்ப வாங்குகிற பொறுப்பை அப்பாவிடம் விட்டாள். காலை வண்டிக்குப் போகிறவளுக்கு வீடு வீடாக ஏற நேரமில்லை. பெட்டி என்றால் உள்ளங்கை அளவு. உள்ளே மூடியில் குட்டிக் கரண்டி வைத்த குழாய், குழாய்க்குள் கெடாமல் வைக்கிற மருந்து. பன்னிரண்டு பேரில் ரசலையனும் ஒருவர்.

அவர் தன்னுடையதை மறுநாளே முடித்துவிட்டார். மற்ற வீடுகளில்தான் வம்பு. அடுத்த தெரு சொர்ணம்மாள் பெட்டியை வாங்கும்போது தலையாட்டியவள், திரும்பக் கேட்டதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செயலாளரே, அத எப்பிடி உங்க கையில தாறது? நாளைக்கும் இந்த மொகத்துலல்லா முழிக்கணும்."

எல்லா வீட்டிலும் இதே பேச்சுத்தான். ஞாயிறுதோறும் காணிக்கைப் பையோடு முன்னால் வந்து நிற்கும் மனிதரிடம் அந்தப் பெட்டியை நீட்ட யாருக்கும் மனசு வரவில்லை. ஜாஸ்பின் டீச்சர் பெட்டியைக் கழுவித் துடைத்து ஊசி நூல் போட்டு வைத்திருந்தாள். ஞானதாசன் மட்டும் ஒரு நாள் காலையில் நேரே வந்து, வணக்கமும் சொல்லாமல், "இந்தா" என்று நீட்டிவிட்டுப் போனார்.

பன்னிரண்டுக்கு இரண்டு. ரசலையன் வாழ்க்கையில் இப்படி ஒரு எண்ணிக்கையோடு வீடு திரும்பியதில்லை. மகள் முகத்தில் எப்படி விழிப்பது? யோசித்தார். எல்லாரும் குடிப்பது ஒரே பழஞ்சி. முந்தின நாள் சோறு, அதே கிணற்றுத் தண்ணீர், அதே உப்பு, அதே சின்ன உள்ளி. அப்படியென்றால் வயிறு மட்டும் வேறாகவா இருக்கப்போகிறது? வெறுங்குழாய்களை ஒவ்வொரு வீட்டிலும் திரும்ப வாங்கி, பத்தையும் தானே நிரப்பிவிடுவது என்று முடிவு செய்தார்.

வேலையையும் அவர் ஏனோதானோவென்று செய்யவில்லை. நாளைக்கு ஒரு பெட்டி என்று பத்து நாள் எடுத்துக்கொண்டார். சொர்ணம்மாளுக்குக் கருவாடு இல்லாமல் பழஞ்சி இறங்காது என்பதால் அவள் பெட்டிக்கு முந்தின நாள் கருவாடு சுடச் சொன்னார். ஜாஸ்பின் டீச்சருக்கு மோர் ஊற்ற வேண்டும், ஊற்றினார். காந்தாரி மிளகாயை மூன்றாகக் கடித்துக்கொள்கிற ஆள் ஒருவர் இருந்தார். அவருக்காக ரசலையன் பட்ட பாட்டைக் கர்த்தர் ஒருவர்தான் அறிவார். கடைசிப் பெட்டியை மூடியபோது நியாயமாக உழைத்த திருப்தியே அவருக்கு இருந்தது.

இப்போது அந்த உழைப்பெல்லாம் மேசைமேல் ஒரே குவியலாக நின்றது.

திங்கட்கிழமை சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. முத்துநாயகம் தன் டீக்கடை வாசலில் 'பழஞ்சி கிடைக்கும், கம்ப்யூட்டர் பார்த்தது' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். போதகர் வழியில் நிறுத்திக் கைகொடுத்தார். அதைவிட மோசம், பெட்டி வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து ரசலையனைத் தனியாகக் கூப்பிட்டார்கள். ஜாஸ்பின் டீச்சர் ஆலயத்துப் பின்பக்கம் நின்று மெல்லிய குரலில் சொன்னாள்.

"அண்ணே, மத்த எல்லாரும் குடுத்திருக்காவ. நா ஒருத்திதான் குடுக்கல்ல. ரெஜிலாட்ட சொல்லிராதேயுங்க, எனக்குக் கொறச்சலு."

"சொல்லமாட்டேன் டீச்சர்," என்றார் ரசலையன்.

இரண்டு நாளில் இந்த வாக்கை ஏழு பேருக்குக் கொடுத்துவிட்டார். ஏழு பேரும் தான் ஒருவர்தான் குற்றவாளி என்று நம்பினார்கள். ஊரில் உண்மையாகவே ஒத்துப்போனது அந்த ஒரு விஷயம்தான்.

எட்டாவதாகச் செவ்வாய்க்கிழமை வந்தவள் சொர்ணம்மாள். அவளும் அதையே சொல்லப் போகிறாள் என்று ரசலையன் வாக்குக் கொடுக்கத் தயாராக நின்றார். ஆனால் அவள் முகம் மலர்ச்சியாக இருந்தது.

"செயலாளரே, நா பெட்டி தரல்லன்னாலும் குடிக்கது அதே பழஞ்சிதானே. பழஞ்சி குடிக்கவங்களுக்கெல்லாம் நல்ல வயிறுன்னு உங்க பிள்ள கண்டுபிடிச்சாச்சே. அதனால சுகர் மாத்திரைய நேத்தே நிறுத்திட்டேன்."

ரசலையன் அவளைப் போகவிடாமல் மறித்தார். "மாத்திரைய நிறுத்தப்பிடாது சொர்ணம்மா."

"எதுக்கு?"

"நிறுத்தப்பிடாது."

"அப்பம் உங்க பிள்ள சொன்னது பொய்யா?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால் மகளுடைய மூன்று வருட வேலை நடுத்தெருவில் விழும். "எதுக்கும் டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேளு," என்று மழுப்பினார். சொர்ணம்மாள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். செயலாளருக்கு மகள் பேரில் பொறாமை என்று அவள் நினைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அன்றும் மறுநாளும் அவரால் சாப்பிட முடியவில்லை. பொய்க் கையெழுத்துப் போட்ட மனுவால் யாருக்கும் சர்க்கரை ஏறியதில்லை. இது வேறு. தன் வயிற்றை நம்பி ஒருத்தி மாத்திரையை விட்டிருக்கிறாள். மகளோ அதே வயிற்றை நம்பி மேடை ஏறப் போகிறாள். அவமானமாக இருந்தது, பயமாக இருந்தது, இரண்டையும் தாண்டி மகளை நினைத்துப் பாவமாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் மெல்லத் தொடங்கினார். "மக்கா, கம்ப்யூட்டருக்குத் தப்பு வருமா?"

"கம்ப்யூட்டருக்கு வராதுப்பா, நாம குடுக்கிறதுலதான் வரும்," என்றாள் ரெஜிலா உற்சாகமாக. "குழாயக் கிழாய மாத்தி வச்சிருந்தா கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. கிருமியோட சேந்து அந்த ஆளுக்க செல்லும் கொஞ்சம் வரும். அதுல ஒய் குரோமோசோம் இருந்தா ஆம்பிள, இல்லன்னா பொம்பள. நாளைக்கு லேபுல போட்டுப் பாக்கப் போறேன். மேடம் சும்ம ஒரு சடங்குக்குச் செய்யச் சொன்னாவ."

பதினொன்றில் ஆறு பெயர் பெண்களுடையது. ரசலையன் மெதுவாக எழுந்துபோய் முகம் கழுவினார்.

வியாழக்கிழமை காலை மகளை ஸ்கூட்டரில் இரணியல் நிலையத்துக்குக் கொண்டுவிட்டவர், வண்டியைப் பூட்டிவிட்டுத் தானும் ஒரு டிக்கெட் எடுத்தார்.

"எங்கப்பா போறிய?"

"சும்மதான். ஒனக்க கூட."

ரயில் கிளம்பியது. ஜன்னலோரம் அவள், எதிரே அவர். பள்ளியாடி தாண்டுகிற வரை தென்னையையும் ரப்பரையும் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் யோசித்து வைத்திருந்த முன்னுரை எதுவும் ஞாபகம் வரவில்லை.

"மக்கா, அந்தச் சோதன போட வேண்டாம்."

"எதுக்கு?"

"விட எனக்குத் தெரியும். பதினொண்ணும் ஆம்பிள."

ரெஜிலா சிரித்தாள். "பதினொண்ணுல ஆறு பேரு பொம்பளையல்லா."

"பதினொண்ணும் ஒரே ஆம்பிள."

சிரிப்பு அப்படியே நின்றது. அவர் எல்லாவற்றையும் சொன்னார். கருவாட்டைச் சொன்னார், மோரைச் சொன்னார், காந்தாரி மிளகாயையும் சொன்னார். சொர்ணம்மாள் மாத்திரையை நிறுத்தியதையும் மறைக்கவில்லை. ரெஜிலா அவரைப் பார்க்கவே இல்லை.

"எனக்க மூணு வருசம்ப்பா," என்றாள் கடைசியில்.

அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

"மொதல்ல சொர்ணம்மா அத்தைய விளிங்க."

அவர் அழைத்தார். அந்த ரயில்பெட்டியில் இருந்த மற்றவர்களும் கேட்கும்படியாகத்தான் பேச வேண்டியிருந்தது, ரயில் சத்தம் அப்படி. "சொர்ணம்மா, நீ மட்டுமில்ல, யாருமே குடுக்கல்ல. எல்லாம் எனக்க வயிறு. ஆராய்ச்சி தப்பு. இப்பமே மாத்திரையப் போடு."

"அப்பம் ஜாஸ்பினும் குடுக்கல்லியா?" என்று கேட்டாள் சொர்ணம்மாள். அவள் குரலில் அப்படியொரு நிம்மதி. மாத்திரையை இப்போதே போடுவதாகச் சத்தியம் செய்துவிட்டு, டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

குழித்துறை போயிற்று. ரெஜிலா லேப்டாப்பை மடியில் திறந்து என்னவோ தட்டினாள். பதினொரு பச்சைப் புள்ளிகளும் ஒன்றாகிப் போயின. பிறகு தூரத்தில் இன்னொரு பச்சைப் புள்ளி முளைத்தது.

"அது ஞானதாசனா?" என்றார் ரசலையன்.

"ஆமா." அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவர எடுத்ததுக்கு ஆன்டிபயாட்டிக் காரணம்னு சொன்னேன் இல்லியா? சிவப்புக் கூட்டத்துலயும் மூணு பேரு அதே மாதிரி மாத்திர சாப்பிட்டிருந்தாவ. அவங்கள நா எடுக்கல்ல. அவங்க படத்தக் கெடுக்கல்ல, அதான். பதினொண்ணு பேரு இவ்வளவு ஒட்டி நிக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்ப்பா. வந்துது. நா பாக்காத மாதிரி இருந்துட்டேன். எல்லாம் அவ்வளவு அழகா இருந்துச்சு."

ரசலையன் மகளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கண் நிறைந்திருந்தது. பிள்ளைக்குத் தன் மூக்கு வந்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லும். வேறென்ன வந்திருக்கிறது என்று அவர் அன்றுதான் கண்டார்.

பாறசாலையில் எதிர்வண்டிக்காக ரயில் நின்றது. ரெஜிலா போனை எடுத்து ஸ்மிதா மேடத்தை அழைத்தாள். ரசலையன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். எங்கப்பா இப்படிச் செய்துவிட்டார் என்றுதான் தொடங்குவாள், தொடங்கட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டார்.

"மேடம், நாளைக்கு நா பேசல்ல," என்றாள் ரெஜிலா. "ஒரு சாம்பிளக் கூட்டத்தோட சேராத அவுட்லையர்னு எடுத்தேன்லா, அது சரியான சாம்பிள். காரணமில்லாம எடுத்தேன். படம் கெடுதேன்னு எடுத்தேன். மத்த பதினொண்ணும் செல்லாது. சேகரிச்சதுல தப்பு, நான்தான் கூட நின்னு பாக்கல்ல. என் பேருலதான் எல்லாத் தப்பும், மேடம்."

அந்தப் பக்கம் மேடம் ஏதோ கேட்டார். ரெஜிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேடம் மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை ரசலையனுக்கே காதில் விழுந்தது. அந்தப் பதினொரு பேரையும் நேரில் பார்த்து விசாரிக்க வேண்டும், அவர்கள் யார் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊரில் வாய் திறந்தால் ஒரு கூட்டத்துக்காகவே பேசிப் பழகிய மனிதர் ரசலையன். இருக்கையிலிருந்து எழுந்தார். சட்டைப் பொத்தானைச் சரி செய்தார். மகள் வேண்டாமென்று தலையாட்ட ஆட்ட அவள் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"மேடம், நா ரெஜிலாவுக்க அப்பன் ரசலையன் பேசுதேன். நீங்க எங்கயும் போயி விசாரிக்க வேண்டாம். அந்தப் பதினொண்ணு பேரும் நான்தான்."